கிழக்கு ஓரத்துக் கொக்கிகள்

லிஃப்ட் சுவரின் கம்பிக்கூட்டை வெளிப்பக்கமிருந்து கட்டுபவன் தமிழழகன். உள்பக்கமிருந்து கட்டுபவள் ஷாலினி. கல்யாணமான பதினோரு வருடத்தில் இந்த ஏற்பாடு ஒரு நாளும் மாறியதில்லை. நடுவில் இரண்டு வரிசைக் கம்பிகள். அவன் இங்கிருந்து ஒரு கொக்கிக்கம்பியை நுழைப்பான். மறுமுனை அவள் கைக்குப் போய்ச் சேரும். அவள் முனையை அவள் மடக்குவாள், அவன் முனையை அவன் மடக்குவான். ஒருவர் மடக்கும்போது கம்பி திரும்பிவிடாமல் மற்றவர் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒற்றை ஆளாக யாரும் சுவர் கட்ட முடியாது.

அந்தத் திங்கட்கிழமை, மூன்றாவது வரிசை போய்க்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து ஷாலினி சொன்னாள்.

"இந்தச் சுவரு முடிஞ்சதும் நான் வெள்ளிமலைக்குப் போறேன்."

அவன் ஏதோ கோயில் விசேஷம் என்று நினைத்தான். "எத்தினி நாளு?"

"நாளு இல்ல. பாப்பாத்தி அங்க பிள்ளைங்க ஹாஸ்டல்ல சமையலுக்கு இருக்கா இல்ல. கூட ஒரு ஆளு வேணுமாம். அங்கயே தங்கிக்கலாம்னா."

பாப்பாத்தி அவளுடைய சித்தி மகள். மலையில் வாழ்க்கைப்பட்டவள்.

"அப்போ நானு?"

"நீ இருக்கற எடத்துல இரு."

கட்டுக்கம்பி தீர்ந்துவிட்டது, எடுத்துக் கொடு என்று சொல்வதைப் போலத்தான் சொன்னாள். கோபம் இல்லை. கம்பிகள் அவள் முகத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டியிருந்தன. ஒரு கட்டத்தில் கண், ஒன்றில் மூக்குத்தி, ஒன்றில் கொஞ்சம் உதடு. எல்லாவற்றையும் சேர்த்து ஒரு முகமாகப் பார்க்க அவனால் முடியவில்லை.

"பிடிச்சிக்கினியா?" என்று கேட்டாள்.

"பிடிச்சிக்கினேன்."

அவள் மடக்கினாள்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் சாலையில், ஊர் முடிந்து கரும்பு தொடங்கும் இடத்தில் அந்தக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. நர்சிங் படிக்கும் பெண்களுக்கான விடுதி. ஆறு மாடி. அடித்தளம் போட்டு, தரைத்தளத் தூண்கள் நின்றுவிட்டன. மீதி இருந்தது நடுவிலிருக்கும் லிஃப்ட் சுவர்தான். நைனார்பாளையத்தில் பூட்டிக் கிடந்த தங்கள் வீட்டிலிருந்து இரண்டு பாத்திரமும் ஒரு பாயும் எடுத்து வந்து, கட்டடத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இருவரும் இரண்டு மாதமாகத் தங்கியிருந்தார்கள்.

ஊரில் மற்றக் கம்பிக்காரர்களுக்கு லிஃப்ட் சுவர் என்றால் கசப்பு. தூண் கட்டுவது போல வேலை சட்டென்று ஓடாது. ஆனால் இந்தப் பக்கத்தில் எங்கே மாடிக் கட்டடம் எழுந்தாலும் அந்தச் சுவருக்கு மட்டும் இவர்களைக் கூப்பிட்டார்கள். காரணம் ஷாலினி. கல்யாணமான புதிதில் ஒரு கட்டடத்தில், சுவரின் இரண்டு ஓரத்திலும் மட்டும் ஏன் இவ்வளவு கம்பி, இவ்வளவு நெருக்கமாக வளையம் என்று அவள் இன்ஜினியரிடம் கேட்டாள். அவர் பாதி இங்கிலீஷில் எதையோ சொல்லிவிட்டுப் போனார். ஷாலினி கொட்டகைக்கு வந்து துடைப்பத்தை அவிழ்த்தாள். முப்பது ஈர்க்குச்சியை ஒரே நீளத்துக்கு நறுக்கி, மேலும் கீழும் மட்டும் நூலால் கட்டி, தரையில் நிறுத்தி உள்ளங்கையால் அழுத்தினாள். நடுவில் குச்சிகள் தொப்பை மாதிரி பிதுங்கின. பிறகு ஏழெட்டு இடத்தில் நூல் கட்டி அழுத்தினாள். பிதுங்கவில்லை.

"பாத்தியா மாமா. நசுங்குறப்போ வெளிய வரப் பாக்குது. சுத்திப் புடிச்சிக்கினா வர முடியல."

அவளிடமிருந்துதான் தமிழழகன் சுவரைப் புரிந்துகொண்டான். தூண் மேலேயிருந்து வரும் பாரத்தைச் சுமக்கிறது. ஆனால் புயல் மேலேயிருந்து வருவதில்லை, பக்கவாட்டில் தள்ளுகிறது. நிலம் நடுங்கினால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறித் தள்ளுகிறது. தூண்கள் மட்டும் இருந்தால் கட்டடம் தீப்பெட்டியின் மேலுறை போலச் சாயப் பார்க்கும். அப்போது ஆறு மாடியும் வந்து சாய்ந்துகொள்வது இந்தச் சுவரின் மேல்தான். சுவர் அடித்தளத்தில் காலை ஊன்றிக்கொண்டு நிற்கிறது. கிழக்கேயிருந்து தள்ளினால் அதன் கிழக்கு ஓரம் மேலே இழுபடுகிறது, மேற்கு ஓரம் நசுங்குகிறது. திசை மாறினால் இதுவும் மாறுகிறது. இழுபடுவதைக் கம்பி தாங்கிக்கொள்ளும், நசுங்குவதைக் கான்கிரீட் தாங்கிக்கொள்ளும். ஆனால் ரொம்பவும் நசுங்கினால் மேல்தோல் உதிர்ந்து, உள்ளே இருக்கும் கம்பிகள் ஈர்க்குச்சி போல வெளியே பிதுங்கப் பார்க்கும். அந்த நேரத்தில் அவற்றைப் பிடித்து நிறுத்துவது வளையங்களும் கொக்கிகளும். கொக்கியின் முனை கூட்டுக்குள் நன்றாகத் திரும்பி, கான்கிரீட்டின் வயிற்றுக்குள் புதைந்திருக்க வேண்டும். அதை அவர்கள் முழுமடக்கு என்றார்கள். வெறுமனே கட்டைவிரலை நீட்டியது போல மடக்கி விட்டால் அது அரைமடக்கு. மேல்தோல் உதிர்ந்ததும் அரைமடக்கு திறந்துகொள்ளும். பட்டன் பிய்ந்த சட்டைதான் பிறகு.

கான்கிரீட் போட்டுவிட்டால் இரண்டும் ஒன்றுதான். வெளியே ஒரே மாதிரி சாம்பல் நிறச் சுவர். எது எப்படி மடக்கியது என்று மடக்கினவனுக்கு மட்டும்தான் தெரியும்.

தனுஷா பிறந்தது கல்யாணமான ஐந்தாம் வருடம். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் இரண்டு தூணுக்கு நடுவில் சேலை கட்டி அதில் தூங்குவாள். நடக்கத் தொடங்கியதும் கட்டுக்கம்பித் துண்டுகளைப் பொறுக்கி வந்து அம்மாவின் வளையலோடு பிணைத்துக் கட்டி வைப்பாள். பிரிக்க வராது, வெட்டத்தான் வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஓசூர் பக்கம் ஒரு கட்டடத்தில் வேலையிருந்தபோது அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நான்கு வயது. மருந்துக் கடையில் வாங்கின மருந்து இரண்டு நாள். மூன்றாம் நாள் காலையில் ஷாலினி சொன்னாள்: "கால் சில்லுன்னு இருக்குது மாமா. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

அன்றைக்கு மத்தியானம் அங்கே லிஃப்ட் சுவருக்குக் கான்கிரீட். நாற்பது கொக்கி பாக்கியிருந்தது. "முடிச்சிக்கினு சாயங்காலம் போயிடலாம்" என்றான் தமிழழகன். "இத அப்பிடியே வுட்டுட்டுப் போனா நாளைக்கி எவன் தல மேல விழுமோ."

அது சாக்கு இல்லை. அவன் உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னான். ஷாலினியும் அதை உண்மையாகவே ஏற்றுக்கொண்டாள். உள்ளே போய் நின்று நாற்பதையும் மடக்கினாள், எல்லாம் முழுமடக்கு. சாயங்காலம் போனார்கள். மறுநாள் பத்து மணிக்குத் தனுஷா இல்லை. காலையிலேயே கொண்டு வந்திருந்தால் பிழைத்திருக்கும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. பிழைத்திருக்காது என்றும் யாரும் சொல்லவில்லை.

ஷாலினி அவனைத் திட்டவில்லை. திட்டுவாள் என்று அவன் ஒரு வருடம் காத்திருந்தான். சோறு போட்டாள், துணி துவைத்தாள், சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கம்பியைப் பிடித்தாள். ஒன்றே ஒன்றை விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அவனை மாமா என்று கூப்பிடவில்லை. வேறு எப்படியும் கூப்பிடவில்லை.

இப்போது போகிறேன் என்கிறாள்.

செவ்வாய்க்கிழமை முழுக்க அவன் எப்படியாவது பேசிவிடலாம் என்று பார்த்தான். வாய்க்கு வந்தது ஒன்றுதான்: "மலையில குளுரு ஜாஸ்தி."

"போர்வ இருக்குது" என்றாள்.

புதன்கிழமை கிழக்கு ஓரம் வந்தது. அதுதான் கடைசி. வியாழக்கிழமை காலை இன்ஜினியர் சோதனை, மத்தியானம் கான்கிரீட், சாயங்காலம் அவளுக்குப் பஸ். தமிழழகன் முதல் கொக்கியை நுழைத்தான். அவள் தன் முனையை மடக்கினாள். அவன் முறை வந்தது. வளைக்கும் சாவியை முனையில் மாட்டினான். முழுவதும் தள்ளவில்லை. பாதியில் நிறுத்தி, சாவியைக் கழற்றி, அரைமடக்கின் மேல் கட்டுக்கம்பியைச் சுற்றி முறுக்கினான்.

அவள் நின்ற இடத்திலிருந்து அது தெரியாது. தடிக்கம்பிகள் மறைக்கும்.

இன்ஜினியர் சுபாஷ் கண்டுபிடித்துவிடுவார் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். வயது இருபத்தேழுதான், ஆனால் அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. போன மாதம் சென்ட்ரிங் பலகை அரை அங்குலம் தள்ளியிருந்ததற்கு மேஸ்திரி ஆதிமூலத்தை இரண்டு முறை பிரிக்க வைத்தவர். இதைப் பார்த்தால் கட்டாயம் பிரிக்கச் சொல்வார். பிரித்துக் கட்ட இரண்டு நாள் ஆகும். கட்டுவதற்கு அந்தப் பக்கம் ஷாலினி வேண்டும். சுவர் முடிந்ததும் போகிறேன் என்றுதானே சொன்னாள். முடியாத சுவரை விட்டுவிட்டுப் போகிறவள் இல்லை அவள்.

இரண்டு நாளில் என்ன மாறிவிடும் என்று அவன் யோசிக்கவில்லை. தண்ணீருக்குள் மூச்சுப் பிடித்திருப்பவன் அடுத்த மூச்சைத் தாண்டி எதை யோசிப்பான். இடுப்பு உயரத்திலிருந்து தலை உயரம் வரை, அறுபது கொக்கி. அறுபதும் அவன் பக்கம் அரைமடக்கு.

வியாழக்கிழமை சுபாஷ் காதில் போனோடு வந்தார். மேற்கு ஓரத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். டேப் வைத்து அளந்தார். கைபேசி வெளிச்சத்தை அடித்து அடியில் மண் இருக்கிறதா என்று பார்த்தார். ஒரு இடத்தில் கம்பி பலகையில் ஒட்டாமல் இடைவெளிக்கு வைக்கும் சிமென்ட் கட்டை நழுவியிருந்தது, அதைச் சரிசெய்யச் சொன்னார். பிறகு கிழக்கு ஓரத்துக்கு வந்து உள்பக்கமிருந்து குனிந்தார். ஷாலினியின் பக்கம். அங்கே அறுபது முனையும் ஒரே கை எழுதின எழுத்துப் போலத் திரும்பியிருந்தன.

"ஷாலினிக்கா, என் வூட்டுத் தாழ்ப்பாளக் கூட நான் நம்ப மாட்டேன். இத நம்புவேன்" என்றார்.

ஷாலினி சிரித்தாள். இரண்டு வருடத்தில் அவள் முகத்தில் அப்படி ஒன்றைத் தமிழழகன் பார்த்ததில்லை.

"சார், இந்தப் பக்கமும் ஒரு தபா பாத்துடுங்க" என்றான் அவன்.

"மணி ஆவுதுண்ணே. மூணு மணிக்கு லாரி வருது. பம்புக்காரன் வேற நாளைக்கி முடியாதுன்றான்." சுபாஷ் தாளை முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். "ஆதிமூலம் அண்ணே, பலக மூடுங்க."

ஆதிமூலத்தின் ஆட்கள் உள்பக்கத்திலிருந்து தொடங்கினார்கள். இரும்புப் பலகைகள் ஒவ்வொன்றாக ஏறின. ஷாலினி குளிக்கப் போய்விட்டாள்.

"இன்னா தமிழு, சம்சாரம் ஊருக்குப் போவுதுன்னு மூஞ்சிய இப்பிடி வச்சிக்கினு நிக்கிற" என்றார் ஆதிமூலம். "நாலு நாளு ஓட்டல்ல தின்னு. வாய்க்கு ருசி தெரியும். அதுவா திரும்பி வந்துடும்."

அவருடைய ஆட்கள் சிரித்தார்கள். தமிழழகன் கம்பிக்கூட்டின் கிழக்கு ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான். உள்பக்கம் மூடியாகிவிட்டது. வெளிப்பக்கம் மேற்கிலிருந்து பலகை வந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு மணி நேரத்தில் அவன் நிற்கும் இடமும் மூடிவிடும். அதன் பிறகு இது யாருக்கும் தெரியாது. ஆறு மாடிப் பெண்கள் இந்தச் சுவரைச் சுற்றிப் படி ஏறுவார்கள், துணி காய வைப்பார்கள், போனில் சிரிப்பார்கள். கார்த்திகைக்குக் கார்த்திகை புயல் வரும்.

அவன் சாவியை எடுத்தான். முதல் கொக்கியின் கட்டுக்கம்பியை வெட்டி, முனையில் சாவியை மாட்டித் தள்ளினான். கொக்கி மடங்கவில்லை, மறுபக்கம் பிடிப்பு இல்லாததால் கம்பியோடு சேர்ந்து சுழன்றது. இன்னொன்றை முயன்றான். அதுவும் சுழன்றது. மூன்றாவதை முழங்கையால் அழுத்திக்கொண்டு தள்ளினான். சாவி வழுக்கி அவன் விரலைக் கிழித்தது.

"இன்னா பண்ற?"

ஷாலினி பின்னால் நின்றாள். தலை ஈரம். நீலச் சேலை, தோளில் ஒரு பை. இந்தச் சேலையை அவள் வேலைக்குக் கட்டியதில்லை.

"ஒண்ணு சரியா ஒக்காரல."

அவள் பையை இறக்கி வைத்தாள். அவனைத் தள்ளிவிட்டுக் கம்பிகளுக்கு நடுவே கையை விட்டாள். பார்க்கக்கூட இல்லை, விரலால் தடவினாள். ஒன்று. அதற்குக் கீழே ஒன்று. அதற்கும் கீழே. கை கீழே போகப் போக அவளும் குனிந்துகொண்டே போனாள். இடுப்பு உயரத்தில் கை நின்றது.

"எத்தினி?"

"இந்த ஓரம் பூரா. அறுவது இருக்கும்."

"மறந்துட்டியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தால் அவன் அப்படிச் சொல்ல வேண்டும் என்று வேண்டிக்கொள்வது போலத்தான் இருந்தது.

"இல்ல" என்றான்.

"பின்ன?"

"சார் பாத்துட்டுப் பிரிக்கச் சொல்லுவாருன்னு இருந்தேன். ரெண்டு நாளு ஆவும். அதுவரைக்கும் நீ இருப்ப."

ஆதிமூலத்தின் ஆள் ஒருவன் பலகையில் ஆப்பு அடித்துக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கி உன்ன அர நாளு கேட்டேன்" என்றாள். "கொக்கிய வுட்டுட்டுப் போவ முடியாதுன்ன. நானும் சரின்னு உள்ள போயி நின்னேன். என் கையாலதான மடக்குனேன் நாப்பதையும். ரெண்டு வருசமா அத மட்டும் நெனச்சிக்கினுதான் எழுந்து வரேன். கொழந்த போச்சி, ஆனா எதுக்காக நின்னமோ அதுவாச்சும் நெசம்னு." அவள் கையை வெளியே எடுத்தாள். புறங்கையில் துருக் கோடு. "அர மடக்குல வுடலாம்னா, அன்னிக்கே வுட்டுருக்கலாமே."

அவன் சாவியைக் கீழே வைத்தான்.

"போ. சார்கிட்ட சொல்லு."

சுபாஷ் முதலில் நம்பவில்லை. வந்து தொட்டுப் பார்த்தார். சத்தம் போடவில்லை. கையெழுத்துப் போட்ட தாளைப் பையிலிருந்து எடுத்து, திரும்ப உள்ளே வைத்து, திரும்ப எடுத்தார்.

"எதுக்குண்ணே?" என்று மட்டும் கேட்டார்.

தமிழழகன் வாயைத் திறப்பதற்குள் ஷாலினி சொன்னாள்: "கண்ணு அசந்துட்டோம் சார். பிரிச்சிட்டுச் சரியாக் கட்டித் தரோம்."

அசந்துட்டோம் என்றாள். தரோம் என்றாள். அந்த இரண்டு சொல்லையும் அவள் பிச்சை போடுவது போலப் போட்டாள், அவனும் அப்படித்தான் வாங்கிக்கொண்டான்.

லாரி ஊர் எல்லைக்கு வந்திருந்தது. சுபாஷ் போனில் கெஞ்சி அதை வேறு கட்டடத்துக்குத் திருப்பினார், முடியாது என்ற பம்புக்காரனையும் மறுநாள் காலைக்குச் சம்மதிக்க வைத்தார், தன் மேலதிகாரியிடம் திட்டு வாங்கினார். ஆதிமூலம் மூடின பலகையைத் திறக்கும்போது முணுமுணுத்துக்கொண்டே திறந்தார். ஷாலினி நீலச் சேலையின் மேலேயே பழைய சட்டையை மாட்டிக்கொண்டு உள்ளே போய் நின்றாள்.

அப்படியாக அவன் கேட்டது அவனுக்குக் கிடைத்தது. ஒரு சாயங்காலமும் மறுநாள் காலையில் கொஞ்சமும்.

வெயில் சாயத் தொடங்கியிருந்தது. கட்டுக்கம்பியை வெட்டுவான், முனையில் சாவியை மாட்டுவான், அவள் மறுமுனையைப் பிடிப்பாள், அவன் முழுவதும் தள்ளுவான். அவள் விரலை விட்டுச் சரிபார்ப்பாள். "ம்" என்பாள். அடுத்தது. மெதுவாகச் செய்தால் நேரம் நீளும் என்று அவனுக்கு ஒரு நிமிடம் தோன்றியது. மெதுவாகச் செய்ய வெட்கமாக இருந்தது. இருபது முடிந்தது. முப்பது முடிந்தது.

"நானும் வரட்டா" என்றான்.

"வந்து?"

"எதுனா வேல இருக்காதா அங்க. மரவள்ளி புடுங்கற வேல."

இரண்டு கொக்கி போனது.

"உன்னப் பாக்கறப்போல்லாம் அவ கேக்கறாப்பல இருக்குது. ஏம்மா சாயங்காலம்னு. என்னப் பாத்தா உனக்கும் அப்பிடித்தான் கேக்கும், நீ சொல்ல மாட்ட, அவ்ளோதான். ரெண்டு பேரும் எதிர் எதிரா நின்னுக்கினு இத எத்தினி வருசத்துக்குக் கேக்கறது."

"அங்க மட்டும் பிள்ளைங்க இல்லியா. அதுங்களப் பாத்தா வராதா உனக்கு."

"வரும்." கம்பியைப் பிடித்தாள். "தள்ளு."

தள்ளினான்.

"பாப்பாத்திகிட்ட மொதல்ல ஒண்ணுதான் கேட்டேன்" என்றாள். "காச்சல் கீச்சல் வந்தா எப்பிடிக் கீழ எறக்குவீங்கன்னு. ஜீப்பு நிக்குதாம், எந்த நேரமும். அப்புறந்தான் வரேன்னு சொன்னேன்."

தமிழழகனின் கை சாவியிலேயே இருந்தது. அந்த ஜீப்பை அவன் பார்த்ததே இல்லை. ஆனாலும் ஒரு மலைப்பாதையில், ஒரு கொண்டை ஊசி வளைவில், யாரோ ஒரு பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஷாலினி அதன் முன்சீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். சீக்கிரம் போங்க என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் இருக்க வேண்டிய இடம் அதுதான் என்று அவனுக்குத் தெரிந்தது. தெரிந்த அந்த நிமிடத்தில்தான் அவனுக்கு அழுகை வந்தது. கம்பிகளுக்கு இந்தப் பக்கம் நின்று, சத்தம் வராமல், சட்டைக் கையைக் கடித்துக்கொண்டு அழுதான்.

அவள் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "இருட்டப் போவுது" என்றாள்.

மீதி பதினாறையும் காலையில் ஏழு மணிக்கு முடித்தார்கள். சுபாஷ் வந்து அறுபதையும் தன் விரலாலேயே தொட்டுப் பார்த்தார், இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை. இந்தத் தடவை பாராட்டவில்லை. அதற்குப் பிறகு ஒன்பதரைக்கெல்லாம் பலகை மூடியாகிவிட்டது. லாரி வந்து, பம்புக் குழாயை மேலே ஏற்றினார்கள்.

கான்கிரீட் போடும்போது கம்பிக்காரர்களில் ஒருவர் கடைசிவரை மேலே நிற்க வேண்டும். அடுத்த மாடிக்காகச் சுவருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள் கான்கிரீட்டின் வேகத்தில் சாயும். சாய்ந்தபடியே இறுகிவிட்டால் மேல் சுவர் கீழ்ச் சுவரோடு சேராது. அதைப் பிடித்து நிமிர்த்த ஆள் வேண்டும். தமிழழகன் சாரத்தில் ஏற ஆரம்பித்தான்.

ஷாலினி கீழே வந்து நின்றாள். பை தோளில். அதே நீலச் சேலைதான், முழங்காலுக்குக் கீழே துருக்கறை.

"பஸ்சு பத்தரைக்கி இந்த வழியாதான் வரும். கை காட்னா நிறுத்துவான்" என்றாள்.

"நான் எறங்கி வந்து ஏத்தி வுடறேன்."

"வேணாம். முடியற வரைக்கும் நீ எடத்த வுட்டு வராத." அண்ணாந்து பார்த்தாள். வெயில் அவள் கண்ணைச் சுருக்கியது. "அரிசி ரெண்டு படி கெடக்குது. பருப்பு கம்மியாதான் இருக்குது."

"சரி."

"விரல்ல மஞ்ச வச்சிக் கட்டு."

"சரி."

வேறு ஏதோ சொல்லப் போகிறாள் என்று அவன் சாரத்தில் பாதியில் நின்றான். பம்பு ஓடத் தொடங்கியது. அவள் முந்தானையை இழுத்துக் காதை மூடிக்கொண்டு, மணல் குவியலைச் சுற்றி, வாசலைப் பார்த்து நடந்தாள். கான்கிரீட் குழாயிலிருந்து கட்டிக் கட்டியாக விழுந்தது. அவன் கூட்டுக்குள் குனிந்து பார்த்தான். அடியிலிருந்த கொக்கிகள் முதலில் மூழ்கின. சாம்பல் நிறம் மெல்ல ஏறியது. அவள் பக்கத்து முனைகளும் அவன் பக்கத்து முனைகளும் ஒன்றைப் பார்த்து ஒன்று திரும்பியபடி, வரிசை வரிசையாக, உள்ளே போய்க்கொண்டிருந்தன. எல்லாம் முழுமடக்கு.

சாலையில் ஹாரன் கேட்டது. நிமிர்ந்தான். விடுதியின் முன் மதிலுக்கு அப்பால் பஸ்ஸின் கூரை மட்டும் தெரிந்தது. நின்றது. அவன் எண்ணினான். ஏழு எண்ணுவதற்குள் கிளம்பிவிட்டது. கரும்பு வயலைத் தாண்டி வளைவில் திரும்பியபோது ஜன்னல்கள் தெரிந்தன, எல்லா ஜன்னலிலும் யாராவது இருந்தார்கள். நீலம் எங்கே என்று தேடினான். தூரம் ஜாஸ்தி. பஸ் சின்னதாகி, மலை இருக்கும் திசையில் போனது.

"அண்ணே, கிழக்கு ஓரத்துல கம்பி சாயுது பாருங்க" என்று கீழேயிருந்து சுபாஷ் கத்தினார்.

அவன் திரும்பினான். இரண்டு கையாலும் கம்பிகளைப் பிடித்தான். ஒன்று இந்தப் பக்கம் இழுத்தது, ஒன்று அந்தப் பக்கம்.

"நேரா நிக்குதா சார்?"

"இன்னும் கொஞ்சம். ஆங், அப்பிடியே புடிங்க. இறுகற வரைக்கும் வுட்டுறாதீங்க."

மத்தியானம் இரண்டு மணி வரை அவன் விடவில்லை.